கருவியைத் தேர்தல்

உழவனுக்கு ஏர், தச்சனுக்கு உளி, கொல்லனுக்குச் சம்மட்டி என ஒவ்வொரு தொழிலுக்கும் அதற்குரிய கருவி உண்டு. தச்சன் உளி வாங்கச் செல்லும்போது அதனைக் கையிலெடுத்து எடை பார்க்கிறான். அலகை விரலால் தடவுகிறான். பிடி தன் உள்ளங்கைக்குப் பொருந்துமா என்று நோக்குகிறான். அவனை ஏமாற்றுதல் எளிதன்று. ஆனால், இந்நாளில் அலுவலகங்களையும் ஆலைகளையும் கல்லூரிகளையும் நடத்தும் கருவியோ கையிலெடுத்துப் பார்க்க இயலாதது. அதற்கு எடையில்லை, அலகில்லை, பிடியுமில்லை. அதனை மென்பொருள் என்கிறோம். இத்தகைய கருவியை நிறுவனங்கள் எவ்வாறு தேர்கின்றன, மென்பொருள் ஆக்குவோர் தமக்குரிய கருவிகளை எவ்வாறு தேர்கின்றனர், தேர்வு பிழைத்தால் இழப்பது யாது என்பவற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவர்க்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். சென்ற ஆண்டுவரை நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஒரு குறுந்தகடு நம் எண்ணத்தை மாற்றிவிட்டது.

நம் துறையில் பல்லாண்டு பணியாற்றி மறைந்த பேராசிரியர் ஒருவர், அம்பத்தூர் ஏரியைச் சூழ்ந்த சிற்றூர்களில் முதிய உழவர்களிடம் கேட்டறிந்த சொற்களைத் தொகுத்து வைத்திருந்தார். மதகு, மடை, தூம்பு, கலங்கல் போன்ற பொதுச் சொற்களேயன்றி, எவ்வயலுக்கு எம்முறையில் நீர் விடுவது, கரை உடையப்போகும் குறியை எவ்வாறு அறிவது, நீர்க்கட்டி என்பானுக்கு விளைவில் எவ்வளவு பங்கு என்பன பற்றிய வழக்குகளும் அத்தொகுப்பில் உண்டு என்று அவரிடம் பயின்றோர் கூறுவர். அவ்வயல்கள் இன்றில்லை. அச்சொற்களை உரைத்த முதியோரும் பெரும்பாலும் மறைந்தனர். தொகுப்பு மட்டும் ஒன்பது கோப்புகளாக ஒரு குறுந்தகட்டில் அடங்கித் துறை அலமாரியில் கிடந்தது. அதனைக் கணிப்பொறியில் இட்டுத் திறந்தபோது நாம் கண்டது தமிழன்று. ஆங்கில எழுத்துகளும், தலையில் புள்ளியும் கோடும் ஏந்திய ஐரோப்பிய எழுத்துகளும், பொருளற்ற குறிகளும் நெருங்கிக் கலந்து கிடந்தன. கண்ணெதிரே செல்வம் இருக்க, பெட்டியின் திறவுகோல் இல்லாதார் நிலையே நம் நிலையாயிற்று.

இந்நிலையில், சென்ற ஆண்டு மலரின் தமிழ்ப் பகுதிக்குப் புரூப் திருத்தும் பொருட்டு நாமும் நண்பர் இருவரும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலுள்ள அச்சகம் ஒன்றிற்குச் சென்றோம். அம்பத்தூர் முற்காலத்தில் ஏரி நீரால் நெல் விளைந்த ஊர். 1960-களின் நடுவில் அங்கே தொழிற்பேட்டை அமைந்தது. கடைசல் பட்டறைகளும், வார்ப்படச் சாலைகளும், மோட்டார் உறுப்புகள் செய்யும் சிறு ஆலைகளும் பெருகின. பின்னர் இந்நூற்றாண்டில் அவற்றினிடையே மென்பொருள் நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகள் எழுந்தன. 2011-ஆம் ஆண்டில் அவ்வூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. இரும்பைக் கடைவோரும் மென்பொருள் எழுதுவோரும் ஒரே தெருவில் தேநீர் அருந்தும் இடம் அது. கருவிகளைப் பற்றி எண்ணுவதற்கு அதனினும் ஏற்ற இடம் வேறில்லை.

அச்சகத்தில் புதிய கணிப்பொறிகள் நான்கு இருந்தன. அவற்றிற்கு அப்பால், மூலையில், மஞ்சளேறிய பழைய பெட்டி ஒன்றும் இயங்கிக்கொண்டிருந்தது. அதற்கு இணைய இணைப்பு இல்லை. "ஐயா, இதனை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள்?" என்று வினவினோம். "தம்பிகளா, இருபது ஆண்டு வேலை அத்தனையும் இதற்குள்தான் இருக்கிறது. இதிலுள்ள மென்பொருள் புதிய பெட்டியில் ஓடாது. பழைய வாடிக்கைக்காரர் பழைய புத்தகத்தைத் திரும்பவும் அடித்துக் கேட்டால் நான் எங்கே போவேன்? இது நின்றால் நானும் நின்றேன்" என்றார் அச்சக உரிமையாளர். அவர் நகைத்துக்கொண்டே கூறினாரேனும், அச்சொற்களில் அச்சமும் இருந்தது.

இதன் காரணத்தைச் சற்று விளக்குவோம். கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது, எண்ணே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் குறிக்கப்பட்டிருக்கும். தொடக்கத்தில் இவ்வெண்கள் ஆங்கிலம் முதலிய ஐரோப்பிய மொழிகளுக்கே வகுக்கப்பட்டன. ஆதலின் தமிழ் எழுத்துரு ஆக்கியோர், ஐரோப்பிய எழுத்துகளுக்குரிய இடங்களிலேயே தமிழ் வடிவங்களை அமர்த்தினர். ஒருவர் 'ம'கரத்தை அமர்த்திய இடத்தில் மற்றொருவர் 'ழ'கரத்தை அமர்த்தினார். அவரவர்க்கு அவரவர் ஒழுங்கு. எழுத்துரு உடனிருக்கும்வரை எல்லாம் தமிழாகவே தோன்றும். எழுத்துரு தொலைந்தால் எண்கள் தம் பழைய ஐரோப்பிய வேடத்தையே காட்டும். நம் குறுந்தகட்டிற்கு நேர்ந்தது இதுவே.

இக்குழப்பத்தை நீக்க அறிஞர் பலர் முயன்றனர். 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. அதன் பயனாக டாம், டாப் என்னும் இரு குறிமுறைகளையும் தமிழ்99 என்னும் விசைப்பலகையையும் தமிழ்நாட்டு அரசு ஏற்றது. உலக மொழிகள் அனைத்திற்கும் தனித்தனி எண் வகுக்கும் யூனிகோடு என்னும் ஒருங்குறியில் 1991-லேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. அதில் தமிழுக்குரிய இடங்கள் 128. 2944 முதல் 3071 வரை. அகரத்தின் எண் 2949. ககரத்தின் எண் 2965. எந்நாட்டில், எக்கணிப்பொறியில் திறப்பினும் இவ்வெண் மாறாது. 2010-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த காலத்தில், தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியையும், அது இயலாவிடத்து டேஸ்-16 என்னும் முறையையும் தரமாக அறிவித்தது.

தரம் அறிவிக்கப்பட்டும் அச்சகத்தார் ஏன் மாறவில்லை? இவ்வினாவிற்கு விடை காணின், நிறுவனங்கள் கருவி தேரும் இயல்பு முழுவதும் விளங்கிவிடும். அச்சகங்கள் பெரிதும் கையாண்ட பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளின் இறுதிப் பதிப்பு 2001-இல் வெளிவந்தது. அது ஒருங்குறியை அறியாது. மென்பொருளை மாற்றினால் எழுத்துருவை மாற்ற வேண்டும். எழுத்துருவை மாற்றினால் பழைய கோப்புகளையெல்லாம் மாற்ற வேண்டும். விசைப்பலகையில் பழகிய தொழிலாளர் விரல்களையும் மாற்ற வேண்டும். ஒரு கருவியை வாங்கினோம் என்று நாம் எண்ணுகிறோம். மெய்யாக நாம் வாங்குவது ஒரு சங்கிலி. மாற்றுவதிலும் இடருண்டு. பழைய எழுத்துருக்களில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் எனக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே அமைந்திருக்கும். ஒருங்குறியிலோ ககரம் முன்னும் ஒகரக் குறி பின்னும் ஒலிக்கும் முறையில் நிற்கும். மாற்றும்போது இவ்வரிசை பிறழ்ந்தால் கொம்பு ஒருபுறமும் கால் ஒருபுறமும் பிரிந்து நிற்கும். நம் புரூப்பில் நாம் அன்று திருத்திய பிழைகளிற் பாதி இத்தகையனவே.

அச்சகத்திற்கு நேர்ந்தது அதற்கு மட்டும் உரியதன்று. அதே தெருவிலுள்ள பட்டறைகளை நோக்குக. பெரிய ஆலைக்கு உறுப்புச் செய்துதரும் சிறு பட்டறை, தனக்கு விருப்பமான வரைபட மென்பொருளைத் தேர்வதில்லை. ஆலையிலிருந்து வரும் வரைபடம் எதில் திறக்குமோ அதனையே வாங்குகிறது. கணக்கெழுதும் மென்பொருளும் அவ்வாறே. வேலைக்கு வரும் கணக்கரும், ஆண்டிறுதியில் தணிக்கை செய்யும் ஆடிட்டரும் எதில் பழகியிருக்கின்றனரோ அதுவே கடையில் அமர்கிறது. 1986-இல் தொடங்கிய பெங்களூர் நிறுவனத்தின் டாலி நம் நாட்டு வணிகரிடையே பரவியமைக்கு இதுவும் ஒரு காரணம். 2017-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, அதுகாறும் பேரேட்டிலேயே எழுதிவந்த வணிகரும் மென்பொருளை நாட நேர்ந்தது. ஆகவே வாங்குவோன், அண்டை வீட்டான், வேலையாள், அரசு என்னும் நால்வரும் கூடியே கருவியைத் தேர்கின்றனர். உடையவன் ஒருவனே தேர்கிறான் என்பது மயக்கம்.

இனி, மென்பொருள் ஆக்குவோர் தம் கருவிகளைத் தேரும் முறையைக் காண்போம். அவர்கள் நுண்ணறிவினர், தவறமாட்டார் என்று கருதலாம். அவர்க்கும் இவ்விடர் நேர்ந்ததுண்டு. ஒரே நிரலைப் பலர் கூடி எழுதும்போது, யார், எப்போது, எவ்வரியை, ஏன் மாற்றினார் என்று குறித்துவைக்கும் கருவி வேண்டும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளைக் குறித்த முறையை நினைவிற் கொண்டால் இக்கருவியின் இயல்பு தமிழ் மாணவர்க்கு எளிதில் விளங்கும். லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை உலகெங்குமிருந்து எழுதியோர், 2002 முதல் இதற்கெனப் பிட்கீப்பர் என்னும் கருவியைக் கையாண்டனர். அது ஒரு நிறுவனத்தின் உடைமை. இவர்களுக்கு விலையின்றி அளிக்கப்பட்டிருந்தது. 2005-ஆம் ஆண்டு ஏப்ரலில் அச்சலுகை திரும்பப் பெறப்பட்டது. பல்லாயிரம் வரிகள் நடுத்தெருவில் நின்றன. லினக்ஸைத் தோற்றுவித்த லினஸ் டோர்வால்ட்ஸ் உடனே புதிய கருவி ஒன்றை எழுதத் தொடங்கினார். அவ்வாண்டு ஜூன் திங்களில் வெளிவந்த லினக்ஸ் பதிப்பு அப்புதிய கருவியின் துணைகொண்டே வெளியாயிற்று. அதுவே இன்று மென்பொருள் தொழிலில் உலகெங்கும் வழங்கும் 'கிட்' என்பது. கிட் முறையில், ஒவ்வொருவர் கணிப்பொறியிலும் வரலாறு முழுவதும் படியாக இருக்கும். ஒரு கதவு அடைபட்டாலும் பொருள் உள்ளே சிறைப்படுவதில்லை. பட்டறிவு கற்பித்த பாடம் அது.

எனினும் எல்லாக் கருவிகளையும் தாமே செய்துகொள்ளுதல் எவர்க்கும் இயலாது. பிறர் செய்தவற்றின் மேலேயே ஒவ்வொருவரும் கட்டுகின்றனர். அடியில் இருப்பது யாது என்று அறியாமற் கட்டுவதே தவறு. 2016-ஆம் ஆண்டு மார்ச்சில், பதினொரு வரிகளேயுடைய சிறு நிரல் ஒன்றை, அதனை எழுதியவர் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கிவிட்டார். சொல்லின் இடப்பக்கத்தை வெற்றிடத்தால் நிரப்புவதே அதன் தொழில். ஆயினும் அதனை நேராகவும் மறைமுகமாகவும் சார்ந்திருந்த ஆயிரக்கணக்கான மென்பொருள்களின் ஆக்கம் அன்று தடைப்பட்டது. சில மணி நேரத்தில் அந்நிரல் மீட்டு வைக்கப்பட்ட பின்னரே வேலை ஓடியது. அச்சாணி சிறிதாயினும் தேர் அதன்மேல் ஓடுகிறது அன்றோ?

அரசும் இதே வினாவை எதிர்கொண்டதுண்டு. தமிழ்நாட்டு அரசின் மின்னணு நிறுவனமாகிய எல்காட், திரு. சி. உமாசங்கர் அதன் தலைமையில் இருந்த காலத்தில், 2006-ஐ ஒட்டிய ஆண்டுகளில், தன் அலுவலகக் கணிப்பொறிகளை லினக்ஸிற்கும், ஓப்பன் ஆபீஸ் என்னும் கட்டற்ற மென்பொருளுக்கும் மாற்றியது. பலர் ஐயுற்றனர், பயிற்சி அளித்தபின் வேலை நடந்தது. 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள், 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி என்னும் இயங்குதளத்திற்குரிய காப்பை அதன் நிறுவனம் நிறுத்தியபோது, சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் ஆக்கிய பாஸ் லினக்ஸைக் கைக்கொள்ளுமாறு தமிழ்நாட்டு அரசு தன் துறைகளுக்கு அறிவுறுத்தியது. எனினும் 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் வழியே கணினி பெற்ற மாணவரை வினவிப் பாருங்கள். அதில் இருவகை இயங்குதளமும் இருந்தும், பெரும்பாலோர் தமக்கு முன்பே பழகிய ஒன்றையே திறந்ததாகக் கூறுவர். கருவியைக் கொடுத்தால் மட்டும் போதாது. அதனைக் கற்பிப்பாரும் வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

விலையைப் பற்றியும் ஒரு சொல். விலை குறைந்தது நன்று, இலவசம் மிக நன்று என்பது உலக வழக்கு. ஆனால் கருவியின் விலை வேறு. அதனைக் கொண்டு வேலை செய்யும் விலை வேறு. இதனைத் தமிழகத்து முதல் அச்சகத்தாருள் சிலர் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டனர். தரங்கம்பாடியிலிருந்த சீகன்பால்கு ஐயருக்கு ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரிலிருந்து 1713-இல் தமிழ் அச்செழுத்துகள் வந்துசேர்ந்தன. எழுத்துகள் நன்கொடையே, ஆனால் உருவிற் பெரியவை. அவற்றால் அச்சிடின் காகிதம் மிகுதியாகச் செலவாகும். காகிதமோ அரிய பொருள். ஆதலின் அவர்கள் அவ்வெழுத்துகளோடு அமையாமல், இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டனர். புதிய ஏற்பாடு முழுவதும் 1715-இல் அச்சேறி முற்றுப்பெற்றது. இலவசமாக வந்த கருவி தின்னும் தீனியையும் எண்ணிப் பார்த்த அவர்தம் மதி போற்றத்தக்கது.

இவையனைத்தையும் தொகுத்து நோக்கின் ஓருண்மை புலனாகும். மென்பொருளை வாங்கும்போது எல்லோரும் வாயிலைப் பார்க்கின்றனர். நுழைவது எளிதா, அழகாக உள்ளதா, விலை யாது என்று வினவுகின்றனர். வெளியேறும் வழி யாது என்று வினவுவோர் அரியர். ஆனால் இழப்பு நேர்வது வெளியேறும்போதுதான். இக்கருவி நாளை நின்றுபோனால், இதனுள் நாம் இட்ட பொருளைப் பிறிதொரு கருவியால் திறக்க இயலுமா? இவ்வொரு வினாவை முதலிற் கேட்போர் பெரும்பாலும் தவறார். மதுரைத் திட்டம் இதற்குச் சான்று. சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய முனைவர் கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியால் 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய அத்திட்டத்தில், தன்னார்வலர் பலர் தமிழ் நூல்களைத் தட்டெழுதி இலவசமாக வழங்கினர். முதலில் ஓர் எழுத்துருவிலும், பின்னர்த் திஸ்கி என்னும் பொதுக் குறிமுறையிலும், அதன்பின் ஒருங்குறியிலும் நூல்களை மாற்றி மாற்றிக் காத்தனர். கருவி மாறினும் நூல் மாயவில்லை. அவர்கள் கருவியைக் காதலித்தாரல்லர், நூலைக் காதலித்தனர்.

நம் குறுந்தகட்டின் கதையை முடித்துவிடுவோம். அச்சக உரிமையாளர் அதனை அப்பழைய பெட்டியில் இட்டார். ஒன்பது கோப்புகளில் ஆறு, அங்கிருந்த எழுத்துரு ஒன்றில் தமிழாக விரிந்தன. 'ஏரிக்கரை' என்னும் தலைப்பைக் கண்டபோது நாம் மூவரும் சிறிது நேரம் வாய்பேசாதிருந்தோம். எஞ்சிய மூன்றும் எவ்வெழுத்துருவிலும் திறக்கவில்லை. பின்னர்த் துறை அலமாரியைத் துழாவியதில் அம்மூன்றனுள் ஒன்றன் முதற்பக்கம் தாளில் அச்சிட்டபடி கிடைத்தது. அதனையும் கோப்பையும் அருகருகே வைத்து, இக்குறி இவ்வெழுத்து என்று ஒவ்வொன்றாய் அட்டவணை எழுதி வருகிறோம். கல்வெட்டுப் படிப்போர் தெரிந்த பெயரைக்கொண்டு தெரியாத எழுத்தை உணர்வது போன்றது இது. அடிக்கடி வரும் எழுத்துகள் விளங்கிவிட்டன. அருகி வரும் எழுத்துகள் சில இன்னும் பிடிபடவில்லை. ஆயினும் ஒரு கோப்பின் பெரும்பகுதியைப் படித்துவிட்டோம். நீர்க்கட்டியின் பங்கு அதிலே இருந்தது.

ஆதலின் நம் கல்லூரியின் ஆசிரியப் பெருமக்களிடத்தும் பழைய மாணவர்களிடத்தும் பணிவுடன் சில வேண்டுகோள் விடுக்கிறோம். தங்கள் இல்லங்களில் பழைய தகடுகளும் கோப்புகளும் இருப்பின், அவற்றைத் திறக்கவல்ல பெட்டிகள் அழியுமுன் ஒருங்குறிக்கு மாற்றிவைத்தல் வேண்டும். எக்கோப்பு எவ்வெழுத்துருவில், எம்மென்பொருளில் எழுதப்பட்டது என்று ஒரு வரியேனும் குறித்து உடன்வைத்தல் வேண்டும். இன்றியமையாதவற்றிற்குத் தாளிலும் ஒரு படி எடுத்துவைத்தல் வேண்டும். அந்த ஒரு பக்கத் தாள் இல்லையேல் நம் அட்டவணை தொடங்கியே இராது. கல்லூரி அலுவலகமும் நூலகமும் புதிய மென்பொருள் வாங்கும்போது, விலைப்பட்டியலைக் கேட்குமுன் வெளியேறும் வழியைக் கேட்டல் வேண்டும். அட்டவணையில் விடுபட்ட எழுத்துகளை நிரப்ப வல்லார் எவரேனும் இருப்பின், தமிழ்த் துறைக்கு ஒருமுறை வந்து செல்க. குறுந்தகடும் தாளும் மேசைமேல் விரித்தபடியே இருக்கின்றன.